அம்மா போன்ல தினமும் மூணு ரூபா

இன்னிக்கு பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்க, அதனால ஒரு போட்டும் கடலுக்குப் போகல, போட்டு போகலேன்னா அம்புட்டு பேரும் வந்து உக்கார்ற எடம் நம்ம கடை பெஞ்ச் தான். கடைன்னா பெருசா நெனச்சிராதீங்க. ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஸ்டார்ட் ஆக கால் மணி நேரம் எடுக்குற ஒரு கம்ப்யூட்டர், ரீசார்ஜ் பண்ண ரெண்டு போன். காலைல இருந்து நாலு பேரு போன நீட்டிட்டாங்க. "தங்கச்சி, இந்த மெசேஜ் நெசமா பாரு", "ஏத்தா, காசு தன்னால போகுது". எல்லாருக்கும் வாயால சொல்லிச் சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் எழுதியே வச்சிரலாம்னு உக்காந்துட்டேன்.

எங்கம்மா கதைல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா எனக்கு இதுல புத்தி வந்ததே அதுக்கப்புறம் தான்.

அம்மா கடல் பாசிக்குப் போறவங்க. சின்னப்பாலம் பக்கத்துல இருந்து தீவுங்களுக்கு வத்தைல, அதான் சின்னப் படகுல, போயி முங்கி மரிக்கொழுந்து பாசி எடுத்துட்டு வருவாங்க, அதுவும் மாசத்துல பன்னெண்டு நாள் தான், மிச்ச நாள் பாசி வளரட்டும்னு அவங்களே போக மாட்டாங்க. கைல ஒரு பட்டன் போன், அத ரெண்டு பாலித்தீன் கவர்ல சுத்தி சோத்து வாளிக்குள்ள வச்சிருப்பாங்க. 2014, 15 இருக்கும், நான் ராமநாதபுரத்துல காலேஜ் முடிச்சிட்டு வந்த புதுசு. அப்ப இந்த அன்லிமிடெட் பேக் எல்லாம் கெடையாது, முப்பது ரூபா டாப்அப் போட்டா வரி, பிராசஸிங்னு கழிச்சிட்டு இருபத்திச் சொச்சம் ஏறும், அத வச்சு பத்து நாள் ஓட்டணும். அம்மாவுக்கு நாலு நாள் கூட ஓடல. "யாருக்கும்மா இம்புட்டு பேசுற?"ன்னு நான் வேற கேட்டுட்டேன், பாவம், அது பேசுறதே எங்க சித்திகிட்ட மட்டும் தான், அதுவும் மிஸ்டு கால் குடுத்து.

ஒரு நாள் அந்தப் போன வாங்கி மெசேஜ் பெட்டியத் தொறந்து பாக்குறேன், நெறைய மெசேஜ் கட்டம் கட்டமா இருக்கு. அந்த மாடல்ல தமிழ் எழுத்து வராது, தமிழ்ல வந்தா வெறும் கட்டம் தான் தெரியும். நடுவுல நடுவுல இங்கிலீஷ்ல சிலது. அதப் படிச்சா, எங்கம்மாவுக்கு தெனம் காலைல ராசிபலனும் சாயங்காலம் லவ் டிப்ஸும் வந்துக்கிட்டு இருக்கு! ஒரு நாளைக்கு மூணு ரூபா. மாசம் தொண்ணூறு. அம்பது வயசுல வெயில்ல கெடந்து பாசி காயப்போடுற பொம்பளைக்கு லவ் டிப்ஸ்.

எப்படி ஆக்டிவேட் ஆச்சுன்னு கேட்டா அம்மாவுக்கு ஒன்னும் தெரியல. "நான் எதையும் அமுக்கல தாயி, அதுவா ஸ்கிரீன்ல ஒரு பொட்டி வரும், போக மாட்டேங்கும், ஓகே அமுக்குனா தான் போகும், அமுக்கிருவேன்"ன்னு சொன்னாங்க. அங்க தான் விஷயமே இருக்கு. ஃபிளாஷ் மெசேஜ்னு ஒன்னு இருக்கு, அது இன்பாக்ஸுக்குப் போகாது, நேரா ஸ்கிரீன் மேல வந்து உக்காந்துக்கும். ஈரக்கையோட போன எடுத்து கரைக்கு போன் போடலாம்னு பாத்தா அது மறைச்சுக்கிட்டு நிக்கும், எரிச்சல்ல ஓகேய அமுக்குவோம், அதான் சம்மதம்னு அவங்க கணக்கு. கேன்சல் அமுக்கணும்னு படிக்கத் தெரியாதவங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் விடல. கம்பெனி புகார் நம்பர் 198க்கு போட்டேன், ஒன்ன அமுக்கு ரெண்ட அமுக்குன்னு சொல்லி கடைசில ஒரு தம்பி வந்தாரு, "மேடம் உங்க நம்பர்ல இருந்து தான் ரிக்வெஸ்ட் வந்திருக்கு"ன்னு சொல்லிட்டு வைக்கப் பாத்தாரு. போன் கம்பெனிகள கண்காணிக்கிற ட்ராய் 2013லயே ஒரு உத்தரவு போட்டிருக்கு, இந்த மாதிரி வேல்யூ ஆடட் சர்வீஸ் எதப் போடுறதா இருந்தாலும் கஸ்டமர்கிட்ட ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ சம்மதம் வாங்கணும்னு. போட்ட 24 மணி நேரத்துக்குள்ள நான் இத கேக்கலன்னு சொன்னா புடிச்ச காச திருப்பிக் குடுக்கணும். நிறுத்துறதுக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவா 155223னு ஒரே நம்பர், கால் இலவசம், ஸ்டாப்னு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பலாம். இத எல்லாம் நெட் சென்டர்ல படிச்சு ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு தான் போன் போட்டேன். "ரெண்டாவது சம்மதம் எப்ப வாங்குனீங்க, தேதி சொல்லுங்க"ன்னு கேட்டதும் அந்தத் தம்பி லைன்ல வெயிட் பண்ணச் சொல்லிட்டாரு, பாட்டு ஓடுச்சு. புகார் நம்பர் குடுங்கன்னு கேட்டு வாங்கி எழுதிக்கிட்டேன். இந்த நம்பர வாங்காம போன வச்சீங்கன்னா நீங்க பேசுனதுக்கு சாட்சியே கெடையாது, இதான் முக்கியம். பதில் திருப்தி இல்லன்னா அதே கம்பெனில அப்பீல் அதிகாரின்னு ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு எழுதலாம், எழுதுனேன். மூணு நாள் சண்டைக்கப்புறம் அறுபது ரூபா திரும்பி ஏறுச்சு. போனது நானூறுக்கு மேல.

அம்மா கேட்டாங்க, "அறுபது ரூபாய்க்கா மூணு நாளா போன்ல கத்துன?"

நம்ம ஆளுங்க ஏமாறுறத விட விட்டுக்குடுக்குற இடம் இதான். மூணு ரூபாய்க்கு யாரு போராடுவா, அந்த தைரியத்துல தான் மூணு ரூபா வைக்கிறான். முந்நூறு ரூபா ஒரே நாள்ல போயிருந்தா ஊரே கூடிருக்கும். ஒன்னு தெரியுமா, பிரீபெய்டு கஸ்டமர் கூட கடைசி ஆறு மாசத்துக்கு எதுக்கு எவ்வளவு புடிச்சாங்கன்னு பில் கேட்டு வாங்கலாம், அதுக்கு அம்பது ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு 2012 விதி இருக்கு. என் கடைக்கு வர்றவங்கள்ல ஒருத்தருக்கும் இது தெரியாது. காசு போகுதுன்னு சொன்னா ஒடனே சிம்ம மாத்திருவாங்க, பழைய சிம் குப்பைக்கு, புது சிம்ல மறுபடி அதே கதை.

இப்ப எல்லாரும் பேக் தான் போடுறாங்க, மெயின் பேலன்ஸ்ல ஒன்னும் இருக்காது, அதனால ராசிபலன் காரன் வேற வழி பாத்துட்டான். அத பின்னாடி சொல்றேன், அதுல நானே மாட்டுன கேவலமும் இருக்கு.

எங்க ஊருக்குன்னு தனியா ஒரு தொல்லை இருக்கு, மதுரைல சென்னைல இருக்கவங்களுக்கு புரியவே புரியாது. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போயி நின்னா தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் கூட கிடையாது. நம்ம டவர் சிக்னல் ஒரு புள்ளி ரெண்டு புள்ளின்னு செத்துக்கிட்டு இருக்கும், அங்கிட்டு இருந்து இலங்கை டவர் ஜம்முனு வரும். போன் என்ன பண்ணும், எது பலமா இருக்கோ அங்கிட்டு தாவிரும். டூரிஸ்ட் காரங்க செல்ஃபி எடுத்துக்கிட்டே இருக்கையில "இலங்கைக்கு வரவேற்கிறோம்"னு மெசேஜ் வரும், சிரிச்சுக்கிட்டே அத ஸ்டேட்டஸ் வேற போடுவாங்க. சாதா பிரீபெய்டு சிம்னா பெருசா ஒன்னும் ஆகாது, நோ சர்வீஸ்னு காட்டும் அம்புட்டுத் தான். போஸ்ட்பெய்டு வச்சிருந்து, எப்பயோ துபாய் போனப்ப போட்ட இன்டர்நேஷனல் ரோமிங்க எடுக்காம விட்டவங்களுக்குத் தான் மாச கடைசில பில்லப் பாத்ததும் வயித்தக் கலக்கும். நம்ம மண்ணுல நின்னுக்கிட்டே வெளிநாட்டு ரேட்ல வாட்ஸப் போட்டோ அனுப்பிருப்பாங்க. முகுந்தராயர் சத்திரம் தாண்டும்போதே செட்டிங்ஸ்ல போயி டேட்டா ரோமிங்க ஆஃப் பண்ணிருங்க, நெட்வொர்க் ஆட்டோமேட்டிக்ல இருந்து மேனுவலுக்கு மாத்தி உங்க கம்பெனி பேர தொட்டு வச்சிருங்க. கடலுக்குப் போற அண்ணன்களுக்கு இது தெரிஞ்ச விஷயம், அவங்க போன்ல பாதி நாள் ராத்திரி இலங்கை பேர் தான் காட்டும், அதப் பாத்து "அந்தப் பக்கம் ரொம்ப வந்துட்டோம்டா, திருப்பு"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது வேற கதை.

இதே மாதிரி இன்னொன்னு மிஸ்டு கால். கீழக்கரைல இருந்து ஒரு லாத்தா, முஸ்லிம் வீட்டு அக்கா, வந்தாங்க, இங்க சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவங்க. மவன் வளைகுடால. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே ஒரு ரிங், ப்ளஸ் போட்டு தொடங்குற நம்பர், எடுக்குறதுக்குள்ள கட். "புள்ள கூட்டாளி போன்ல இருந்து அடிக்கிறானோ, என்னமோ ஏதோ"ன்னு பயந்து திருப்பி அடிச்சிருக்காங்க. அங்கிட்டு யாரும் பேசல, ரிங் போற சத்தம் மாதிரி, பாட்டு மாதிரி ஏதோ. லாத்தா "ஹலோ, வாப்பா, ஹலோ"ன்னு ரெண்டு மூணு நிமிசம் நின்னுருக்காங்க. மவனுக்கு அடிக்கன்னு ஐஎஸ்டி பேலன்ஸ் போட்டு வச்சிருந்தது மொத்தமும் காலி. அன்லிமிடெட் பேக்கு உள்நாட்டுக்குத் தான், ஐஎஸ்டி அதுல வராதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல.

இதுக்கு ஜப்பான்காரன் வச்ச பேரு வாங்கிரி, ஒரு ரிங் அடிச்சு கட் பண்றதுன்னு அர்த்தமாம். நாம திருப்பி அடிச்சா அந்த நிமிசத்துக்கு வர்ற காசுல ஒரு பங்கு அந்த நம்பர வச்சிருக்கவனுக்குப் போகும், அதான் அவன் பொழப்பு, அதனால தான் நம்மள லைன்லயே நிக்க வைக்கப் பாட்டு போடுறான். திருப்பி அடிச்சா மூணே செகண்ட்ல போன்ல இருக்க நம்பர், பேங்க் விவரம் எல்லாம் காப்பி ஆயிரும்னு ஒரு வாட்ஸப் பார்வர்டு சுத்துதுல்ல, அது சுத்த உடான்ஸ், கால்ல அப்படி எல்லாம் எடுக்க முடியாது. போறது பேலன்ஸ் தான். ப்ளஸ்ஸுக்கு அப்புறம் வர்ற நாட்டுக் கோட நான் லாத்தாவுக்கு ஒரு அட்டைல எழுதிக் குடுத்தேன்: 971 எமிரேட்ஸ், 966 சவூதி, 965 குவைத், 974 கத்தார், 973 பஹ்ரைன், 968 ஓமன், 94 இலங்கை. இதுல இல்லாத நம்பர்னா தூங்குங்க, இதுல இருந்தாலும் தெரியாத நம்பர்னா மவனுக்கு எப்பவும் பேசுற ஆப்ல ஒரு வாய்ஸ் போட்டு கேளுங்க, புள்ள நெசமா கூப்பிட்டிருந்தா மறுபடி கூப்பிடாமயா இருப்பான். லாத்தா அந்த அட்டைய ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காங்களாம்.

லாத்தா ஒன்னும் ஏமாளி இல்ல, ஒத்தையா வீடு கட்டி முடிச்ச பொம்பள. ராத்திரி ரெண்டு மணிக்கு வெளிநாட்டுல புள்ள இருக்க எந்த தாயும் அந்த போன திருப்பி அடிக்கத் தான் செய்வா. நம்ம எதுக்காக காத்துக்கிட்டு இருக்கோமோ அந்த வேசத்துல தான் அவன் வருவான்.

மீன்பிடி தடைக்காலத்துல பாத்தேன் இத நல்லா. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகக் கூடாது, வீட்டுல வருமானம் இல்ல, குடும்பத்துக்கு நிவாரணம் வரும். முன்ன அஞ்சாயிரம், 2023 ஆகஸ்ட்ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுல தான் முதலமைச்சர் அத எட்டாயிரம் ஆக்குறதா சொன்னாரு, நம்ம ஊரு பக்கத்துல சொன்னதுனால எல்லாருக்கும் அந்த எட்டாயிரம் மனசுல பதிஞ்சுபோச்சு. பக்கத்து தெரு அண்ணன் ஒருத்தரு, போட்டுல கூலிக்குப் போறவரு. அவரு மச்சானுக்கு காசு ஏறிருச்சு, இவருக்கு ஏறல. தெனம் பேங்க் வாசல்ல நிக்கிறாரு. அந்த நேரம் பாத்து வாட்ஸப்ல ஒரு மெசேஜ், அரசு முத்திரையோட, "தடைக்கால நிவாரணம் ₹8000 தங்கள் கணக்கில் செலுத்த இயலவில்லை, கீழ்க்கண்ட செயலியில் விவரத்தைச் சரிபார்க்கவும்". தமிழு அம்புட்டு சுத்தம், நம்ம விஏஓ ஆபீஸ் நோட்டீஸ விட சுத்தம்.

அந்த செயலி ப்ளே ஸ்டோர்ல இல்ல, வாட்ஸப்லயே ஏபிகே ஃபைலா, அதான் ஸ்டோர் இல்லாம நேரா ஆப்ப ஏத்துற ஃபைலா, வந்தது. அமுக்கி இன்ஸ்டால் பண்ணிட்டாரு, எஸ்எம்எஸ் படிக்கலாமான்னு கேட்டுச்சு, அலோவ் குடுத்துட்டாரு. அப்புறம் அவருக்கு ஓடிபி யாரும் போன் போட்டு கேக்கவே இல்ல. கேக்க வேண்டியதே இல்லயே, வர்ற மெசேஜ் எல்லாம் நேரா அவனுக்கும் போகுதே. "நான் யாருக்கும் ஓடிபி சொல்லலயே தங்கச்சி"ன்னு அந்த அண்ணன் அழுதது இன்னும் காதுல இருக்கு. ஓடிபி சொல்லாதீங்க ஓடிபி சொல்லாதீங்கன்னு ரேடியோ, டிவி, காலர் டியூன் எல்லாத்துலயும் சொல்லிட்டாங்க, ஜனங்களும் கத்துக்கிட்டாங்க, அவன் அதத் தாண்டி போயிட்டான். டிராஃபிக் ஃபைன் ஏபிகே, கல்யாணப் பத்திரிகை ஏபிகே, பிஎம் கிசான் ஏபிகே எல்லாம் ஒரே சரக்கு தான், மேல ஒட்டுற லேபிள் வேற.

ராத்திரி ரெண்டு தடவையா பதினாலாயிரம் போயிருந்துச்சு, சீட்டு எடுத்த காசு. காலைல ஆறரைக்கு என் வீட்டுக் கதவத் தட்டுனாரு. மொதல்ல அந்தப் போன்ல நெட்ட ஆஃப் பண்ணினோம், என் போன்ல இருந்து சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிச்சோம், லைன் கெடைக்க நேரம் ஆச்சு, விடாம அடிச்சோம். எந்த பேங்க், எவ்வளவு, எத்தன மணிக்கு, அந்த மெசேஜ்ல இருக்க ட்ரான்சாக்‌ஷன் நம்பர், இதத் தான் கேப்பாங்க, கைல எழுதி வச்சுக்கிட்டு பேசுங்க. அவங்க பணம் போன அக்கவுண்ட்ட பேங்க் மூலமா நிறுத்தி வைப்பாங்க, அதுக்குள்ள அவன் எடுத்துட்டான்னா போச்சு, அதனால தான் மணி நேரக் கணக்கு. இவருக்கு ஏழாயிரம் நின்னுச்சு, அது கைக்கு வர பல மாசம் ஆச்சு. மிச்சம் போனது தான். பேங்க்லயும் எழுதிக் குடுத்தோம், ரிசர்வ் பேங்க் 2017 ஜூலைல ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கு, நம்ம மேல தப்பில்லாம மூணாவது ஆளால போனா, மெசேஜ் வந்ததுல இருந்து மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நம்ம பொறுப்பு சுழி. ஆனா நம்ம கவனக்குறைவுன்னா சொல்றது வரைக்கும் போனது நம்ம தலைல. இவரு கேஸ்ல பேங்க் "நீங்க தான இன்ஸ்டால் பண்ணுனீங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அவருக்கு நெசமான நிவாரணம் ஏறுச்சு. பேங்க் மெசேஜ் வந்ததும் போன தூர வச்சுட்டாரு, தொடவே இல்ல.

கரண்ட் பில் மெசேஜ் எல்லாருக்கும் வந்திருக்கும், "இன்று இரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், அதிகாரியை இந்த நம்பரில் தொடர்பு கொள்ளவும்". அதுல பெருசா சொல்ல ஒன்னும் இல்ல. ஈபி காரன் பத்து டிஜிட் செல் நம்பர்ல இருந்து மெரட்ட மாட்டான், சந்தேகம்னா ஈபியோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு அடிச்சு கேட்டுக்கோங்க. போஸ்ட் ஆபீஸ் பார்சல் வந்திருக்கு அட்ரஸ் அப்டேட் பண்ணுங்கன்னு வர்றதும் அப்படியே. கொரியர்னு சொல்லி ஸ்டார் 401 ஸ்டார் போட்டு ஒரு நம்பர அடிங்கன்னா மட்டும் அடிக்காதீங்க, அது உங்க கால் எல்லாத்தையும் அவனுக்கு திருப்பி விடுற கோடு. 2024 ஏப்ரல் 15ல இருந்து அத நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டுச்சு, இருந்தாலும் பழசுல எதையாச்சும் அடிச்ச ஞாபகம் இருந்தா ஹாஷ் ஹாஷ் 002 ஹாஷ் அடிச்சு மொத்தமா கேன்சல் பண்ணிருங்க.

மெசேஜ் யாரு அனுப்புறாங்கன்னு பாக்குற பழக்கம் வந்துட்டா பாதி வேல முடிஞ்சது. பேங்க், அரசு எல்லாம் பேரா தான் வரும், முன்னாடி ரெண்டு எழுத்து, ஒரு கோடு, அப்புறம் பேரு. அந்த ரெண்டு எழுத்துல மொதல் எழுத்து போன் கம்பெனி, ரெண்டாவது எந்த வட்டாரம்னு. 2025ல இருந்து கடைசிலயும் ஒரு எழுத்து சேத்துட்டாங்க: பி போட்டா விளம்பரம், எஸ் சர்வீஸ், டி பணப் பரிவர்த்தனை, ஜி அரசு. அரசு நிவாரணம்னு சொல்லிட்டு கடைசில பி இருந்தா சிரிச்சுட்டு அழிச்சிருங்க. 2024 அக்டோபர்ல இருந்து முன்கூட்டியே பதிவு பண்ணாத லிங்க் இருக்க எஸ்எம்எஸ்ஸ கம்பெனியே நிறுத்தணும்னு வேற வந்துருச்சு. அதனால தான் இந்தப் பயலுக எல்லாம் வாட்ஸப்புக்கு குடி போயிட்டாங்கன்னு நான் நெனக்கிறேன். விளம்பரமே வேணாம்னா 1909க்கு ஸ்டார்ட்னு போட்டு ஒரு இடம் விட்டு 0 (சுழி) போட்டு அனுப்புங்க. ஏமாத்து மெசேஜ், காலுன்னா மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல சக்ஷுன்னு ஒரு இடம் இருக்கு, அங்க போடலாம். அதே தளத்துல உங்க பேர்ல எத்தன சிம் இருக்குன்னும் பாக்கலாம், ஒரு ஆளுக்கு ஒம்பது வரைக்கும் தான் அனுமதி. எங்க சித்தப்பா பேர்ல அஞ்சு இருந்துச்சு, அவரு வச்சிருக்கது ஒன்னு. எப்பயோ திருவிழா கூட்டத்துல குடை போட்டு சிம் வித்தவன்கிட்ட ரேகை வச்சது தான்னு நெனக்கிறோம்.

சரி, என் கேவலம். கடைக்கு பொறந்தநாள் பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் டிசைன் பண்ண ஒரு ஆப் போட்டேன். ஒரு ரூபா குடுத்தா மூணு நாள் ட்ரையல். ஒரு ரூபா தானன்னு யூபிஐ பின்ன அடிச்சேன். அடிச்சது ஒரு ரூபாய்க்கு இல்ல, ஆட்டோபேக்கு, அதான் மாசாமாசம் தன்னால காசு எடுத்துக்கன்னு குடுக்குற அனுமதிக்கு. மாசம் 499. ஆப் புடிக்கலன்னு நாலாவது நாளே தூக்கிட்டேன், ஆப்ப டிலீட் பண்ணா ஆட்டோபே போகாதுன்னு எனக்கே ஒறைக்கல. பதினஞ்சாயிரத்துக்குள்ள இருக்க ஆட்டோபேக்கு ஒவ்வொரு தடவயும் பின் கேக்காது, 24 மணி நேரம் முன்னாடி ஒரு தகவல் மட்டும் வரும். வந்திருக்கு, மூணு மாசமும் வந்திருக்கு. ஊருக்கெல்லாம் மெசேஜ் படிச்சுச் சொல்ற நான் என் மெசேஜ ம்யூட்ல போட்டு வச்சிருந்தேன். 1497 ரூபா.

2023 நவம்பர்ல மத்திய அரசு ஆப்ல, சைட்ல நம்மள ஏமாத்தி அமுக்க வைக்கிற தந்திரங்கள பதிமூணு விதமான டார்க் பேட்டர்ன்னு பட்டியல் போட்டு தடை பண்ணுச்சு, அதுல சந்தா பொறின்னு ஒன்னு இருக்கு, சேர்றது ஒரு தொடுதல்ல, வெளிய வர்றதுக்கு வழியே தெரியாது, அதே தான் இது. அந்த கம்பெனிக்கு மெயில் போட்டேன், உங்க அனுபவம் எங்களுக்கு முக்கியம்னு பதில் வந்துச்சு, காசு வரல. உங்க யூபிஐ ஆப்ல ப்ரொஃபைலுக்குள்ள போயி ஆட்டோபேன்னு இருக்கும், இப்பவே போயி பாருங்க. நான் சொன்னதுக்கப்புறம் பெஞ்ச்ல இருந்த மூணு பேரு பாத்தாங்க, ரெண்டு பேருக்கு தெரியாத பேர்ல ஒன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. பழைய மூணு ரூபா ராசிபலன் காரன் இப்ப இங்க தான் குடியிருக்கான்.

அம்மாகிட்ட மட்டும் இது எதுவும் நடக்காது இப்ப. 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை மொதல் ஆயிரம் ஏறுனப்ப பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துச்சு. அந்த வாரம் பாத்து ஓடிபி கேட்டு போன் வேற நெறைய பேருக்கு வந்துக்கிட்டு இருந்தது. அம்மா கடைக்கு வந்து போன நீட்டுனாங்க, "எவனோ சும்மா ஆயிரம் ரூபா தர்றேங்குறான், எனக்கு எதுக்குத் தருவான்?" நான் பாத்து இது நெசம்மா, பேங்க் தான்னு சொன்னேன். நம்பல. மறுநாள் பாசிக்குப் போறத விட்டுட்டு பாஸ்புக்க தூக்கிக்கிட்டு பேங்க்ல போயி ஒன்றரை மணி நேரம் வரிசைல நின்னு, என்ட்ரி போட்டு, அந்த வரிய விரல் வச்சு எனக்குக் காட்டுனாங்க. அப்புறம் பெஞ்ச்ல உக்காந்து வெத்தலைய மடிச்சுக்கிட்டே கேட்டாங்க, "அன்னிக்கு அந்த மூணு ரூபாக்காரன் தெனம் அனுப்புனானே, அதுல என் ராசிக்கு பணவரவுன்னு எதும் போட்டிருந்தானா?"